கடல் பக்கம் வெறுமையாக இருந்த வரைபடம்

யுத்தம் முடிந்து, மட்டக்களப்பில் வீதித் தடைகளை ஒவ்வொன்றாக அகற்றிக்கொண்டிருந்த காலத்தில் இது நடந்தது. எங்கள் வீடு கல்லடியில். ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல். எந்தப் பக்கம் நடந்தாலும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். ஆனால் சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கடல் பக்கம் திரும்பியதில்லை. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கரைவலை மீன் வாங்கக் கடற்கரைக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை.

அம்மா நில அளவை அலுவலகத்தில் படவரைஞராக வேலை செய்தவர். ஓய்வு பெற்ற பிறகும் காலையில் எழுந்து குளித்து, அலுவலகத்துக்கு உடுத்துவது போலவே சேலை உடுத்தி, போக இடமில்லாமல் கதிரையில் உட்கார்ந்திருப்பார். நான் கணினி வலையமைப்புத் தொழில்நுட்பம் படித்தவள். எதற்கும் பட்டியல் போடுவது என் வழக்கம். அம்மாவுக்கும் ஒன்று போட்டேன்: வீட்டுத்தோட்டம், கோயில் தொண்டு, ஆங்கில வகுப்பு, கடைசியாக வலைப்பூ. அம்மா முதல் மூன்றையும் பேனையால் வெட்டிவிட்டு, "இந்தக் கடைசி என்ன சாமான்?" என்று கேட்டார்.

முதலில் சமையல் குறிப்புகள் எழுதினார். யாரும் வாசிக்கவில்லை. பிறகு ஒருநாள், படம் படியெடுக்கும் மெல்லிய தாளில் மையால் கீறிய ஒரு வரைபடத்தைத் தந்து, இதை வலைப்பூவில் ஏற்றிவிடு என்றார். எங்கள் வீட்டுப் படலையில் தொடங்கிய குறுகிய ஒழுங்கை, பிரதான வீதியைக் கடந்து, பேக்கரிச் சந்தியோடு நின்றது. அதற்கு அப்பால் வெறும் தாள். கீழே ஒரு வரி: 'இன்றைக்கு இவ்வளவு தூரம் கடல் பக்கம் போனேன்.'

அம்மா கடலை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார் என்பது எனக்கே அப்படித்தான் தெரியவந்தது.

அதன்பின் வரைபடம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. சிறிய வைரவர் கோயில் வந்தது. மதில் மட்டும் மிஞ்சிய வீட்டு வளவு வந்தது. சில நாள் போன தூரம்கூடப் போக முடியாமல் திரும்பிவந்து, அதையும் மறைக்காமல் எழுதினார். "மிச்சத்தையும் கீறி முடிக்கலாமே? உங்களுக்குத் தெரிந்த இடம்தானே?" என்று கேட்டேன்.

"போய்ப் பாக்காத இடத்த எப்பிடிக் கீறுற? பழைய படத்தில இருக்கிற கரை இப்ப அங்க இல்ல, புள்ள."

இப்போது வாசகர்கள் வந்தார்கள். கனடாவிலிருந்து ஒருவர், அந்தப் பேக்கரியில் இன்னும் சீனிச் சம்பல் பணிஸ் போடுகிறார்களா என்று கேட்டார். 'கடல் பார்க்காதவள்' என்ற புனைபெயரில் ஒருவர் ஒவ்வொரு பதிவுக்கும் எழுதினார். தானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், காத்தான்குடியில் கடற்கரையோரம் இருந்த வீட்டைச் சுனாமியில் இழந்து ஊருக்குள் குடிவந்தவர், அன்றிலிருந்து கடலைப் பார்க்காதவர் என்றார். ஒருநாள், 'அக்கா, நாளைக்கு எத்தனை மணிக்கு நடப்பீங்க? நானும் வரட்டா?' என்று எழுதியிருந்தார்.

யார், எங்கே, எப்போது போகிறோம் என்று வெளியில் சொல்லாமல் வளர்ந்தவர்கள் நாங்கள். தமிழர் வாழும் கல்லடிக்கும் முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடிக்கும் இடையில் பேச்சுவார்த்தையே இல்லாத காலங்களும் இருந்தன. எழுதியவர் உண்மையில் யார் என்று தேடினேன். வலைப்பூவின் வருகைப் பதிவில் 'கொழும்பு' என்று மட்டுமே காட்டியது. இலங்கையில் எங்கிருந்து வந்தாலும் அது அப்படித்தான் காட்டும்.

"பதில் போட வேணாம்மா. இந்தப் புளொக்கையும் கொஞ்ச நாளைக்கு மூடுவம்," என்றேன்.

அம்மா சேலை மடித்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு காலமும் எங்க போறம் எண்டு ஒருத்தருக்கும் சொல்லாமத்தானே இருந்தம். என்னத்தக் கண்டம்? உன்ட அப்பா சொல்லிட்டுத்தான் போனார். சொன்னதாலயா போனார்? கடல்தானே கொண்டுபோன. நீ வாறதெண்டா வா. வராட்டி மறிக்காத."

பதிலும் அவரே போட்டார். காலை நேரம், பேக்கரிச் சந்தி.

நானும் போனேன். கைப்பேசியை முழுதாக மின்னேற்றி, நண்பி ஒருத்திக்குச் சொல்லிவைத்து, எல்லா ஏற்பாட்டோடும் போனேன். சந்தியில் கறுப்பு ஹபாயாவும் பூப்போட்ட குடையுமாக ஒரு பெண் நின்றார். சற்றுத் தள்ளி, மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி கனத்த மனிதர் ஒருவர் என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். நானும் விடாமல் முறைத்தேன்.

"அது என்ட மனிசன்," என்று கணவரைக் காட்டினார் அந்தப் பெண். "இன்டர்நெட்டுல பழகின ஆக்கள நம்பேலாது, நீ தனியப் போகாதெண்டு வந்திரிக்கார்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இஞ்சயும் ஒண்டு வந்து நிக்கிது, பொலிசுக்காரி மாதிரி!"

அம்மா மற்றவர்களோடு சேர்ந்து அப்படிச் சிரித்து நான் வெகுகாலமாகக் கேட்டதில்லை.

ஒரே குடையின் கீழ் அவர்கள் இருவரும் முன்னால் நடக்க, நானும் அந்த மனிதரும் பின்னால் போனோம். அம்மா அதுவரை கீறியிருந்த எல்லை வந்தது, கடந்தது. புதிதாக நட்ட சவுக்கு மரங்கள் வந்தன. அதற்கப்பால் மணலில், வீடில்லாமல் தனியே நின்ற ஒரு கிணற்றுக் கட்டு. அலைச்சத்தம் பெரிதாகக் கேட்டது. அந்தப் பெண் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"அக்கா, இதோட போதும். கால் வருகுதில்ல."

"எனக்கும் பயம்தான் கா," என்றார் அம்மா. "ஆனா இதில நிண்டா படம் இந்தக் கிணத்தோட முடிஞ்சிரும். என்னப் பிடிச்சிக்கங்க. விழுந்தா ரெண்டு பேரும் விழுவம்."

இருவரும் மெதுவாக இறங்கினார்கள். ஈர மணலில் நின்றார்கள். ஓர் அலை வந்து இரண்டு பேருடைய காலையும் நனைத்துப் போனது. அம்மா அழுதாரா, தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. குடை மட்டும் கொஞ்சம் ஆடியது.

அம்மா திரும்பிக் கூப்பிட்டார்: "என்ன புள்ள, லைற் போஸ்ட் மாதிரி அங்கயே நிக்கிறா? வா!"

அப்போதுதான் கவனித்தேன். நான் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விரல்கள் வலித்தன. இத்தனை வருடமும் அம்மாவுக்குத்தான் கடல் பயம் என்று எண்ணியிருந்தேன். வேலைக்கு வாவிப் பாலத்தால் போவதும் அதே வழியால் வருவதுமாக இருந்த நான், என்னைப் பற்றி யோசிக்கவே இல்லை. அந்த மனிதர் என் பக்கத்தில் வந்து, "போங்க மகள், நான் பின்னால வாறன்," என்றார். போனேன்.

அன்று மாலை அம்மா வரைபடத்தை முடித்தார். வீதி, கோயில், கிணறு எல்லாம் மையால். கரையை மட்டும் பென்சிலால் கீறினார். அது இடம் மாறும், மாறினால் திரும்பப் போய்ப் பார்த்துக் கீறலாம் என்றார்.

அதன்பின் கல்குடாவிலிருந்தும் களுதாவளையிலிருந்தும் வேறு கைகள் கீறிய வரைபடங்கள் வலைப்பூவுக்கு வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் எங்கோ பாதியில் நின்றது. அம்மாவும் அவருடைய சிநேகிதியும் பஸ் பிடித்துப் போய், மிச்சத் தூரத்தை அவர்களோடு நடந்துகொடுத்தார்கள். அம்மா காலையில் உடுத்தும் சேலைக்குப் போக இடம் கிடைத்துவிட்டது.

நான் இன்றும் எதற்கும் பட்டியல் போடுகிறேன். ஆனால் எதையாவது செய்ய முடியாமல் நின்றுவிட்டால், எந்த இடத்தில் நிற்கிறேன் என்பதை மறைக்காமல் யாருக்காவது சொல்லிவிடுகிறேன். அந்த இடத்திலிருந்து என்னோடு நடக்க ஓர் ஆள் வரக்கூடும் என்பதை அன்று ஈர மணலில் நின்றபோதுதான் அறிந்தேன்.