பாரசீகம் போகாத பண்டிதர்

ஆக்ஸ்ஃபோர்டில் பாரசீக மொழி சொல்லிக்கொடுத்த ஆம்ப்ரோஸ் விட்டிகாம் பாரசீகத்தைக் கண்ணால் கண்டதில்லை. பலவீனமான நெஞ்சு, கப்பலேறினால் பிழைக்கமாட்டார் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கணப்பு எரியும் அறையில் உட்கார்ந்தபடியே அந்த மொழிக்கு ஒரு பெரிய இலக்கணம் எழுதி முடித்தார். அதை மதிக்காத அறிஞர்கள் இல்லை. முழுக்கப் படித்தவர்கள்தான் குறைவு.

அவரோடு ஒரே வகுப்பில் படித்தவர் ரூபர்ட் காலோ. வினைச்சொற்களில் தடுக்கி விழுந்துகொண்டே இருந்தவர். அவரோ கோவேறு கழுதை ஓட்டிகளோடு பாரசீகத்தின் ஷிராஸ் நகரம் வரைக்கும் சுற்றிவிட்டு வந்து ஒரு பயண நூல் எழுதினார். லண்டன் முழுக்க அதே பேச்சு. ஆம்ப்ரோஸ் அதைத் தொடவில்லை. ஒரு நாள் மனைவி ஹெஸ்டர் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். அவள் மடியில் காலோவின் புத்தகம்.

“அப்படி என்ன சிரிப்பு?”

“கழுதைக்காரன் இவரை மாப்பிள்ளையாக்கப் பார்த்திருக்கான்! நீங்களும் படிங்களேன்.”

“என் இலக்கணத்தை எதுவரைக்கும் படிச்ச?”

“முன்னுரை வரைக்கும். ரொம்ப நல்லா இருந்துச்சு ஆம்ப்ரோஸ், நிஜமாவே.”

அவருக்கு வயிறு எரிந்தது. தனக்கென்று ஒரு பிரதியை அன்றே வாங்கிவந்து பிழை பிழையாகப் பொறுக்கினார். ஒரு பத்திரிகையில் பெயர் போடாமல் மதிப்புரை எழுதினார். ‘ஆசிரியருக்குப் பாரசீகம் கற்பித்தவர்கள் கழுதை ஓட்டிகள் அல்ல, கழுதைகளே’ என்று முடித்தார்.

அது வெளியான வாரமே காலோ வீட்டுக்கு வந்தார். வாடிய முகத்தை எதிர்பார்த்துக் கதவைத் திறந்த ஆம்ப்ரோஸுக்கு ஏமாற்றம்.

“எவனோ என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருக்கான், பார்த்தியாய்யா? யாரோ தெரியல, ஆளு புலி! சொன்னதெல்லாம் சரி. அடுத்த பதிப்பு வருது, நீதான் திருத்தித் தரணும். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?”

ஆம்ப்ரோஸ் ஒத்துக்கொண்டார். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து திருத்தினார்.

வசந்தத்தில் பாரசீகத் தூதர் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். ஆம்ப்ரோஸ் பிழையில்லாத பாரசீகத்தில் வரவேற்றார். தூதர் பணிவோடு தலைவணங்கி, “எங்க கொள்ளுத்தாத்தாவோட தாத்தா எழுந்து வந்து பேசுற மாதிரி இருக்கு,” என்றார். அடுத்து காலோ கழுதை ஓட்டிகளின் கொச்சையில் ஏதோ சொன்னார். தூதர் கண்ணில் நீர் வரச் சிரித்து, அவர் தோளில் கைபோட்டு விருந்துக்கு அழைத்துப் போனார்.

வீடு திரும்பும் வழியில் ஹெஸ்டர் கேட்டாள்: “அந்த மதிப்புரை நீங்க எழுதினதுதானே?”

“யார் சொன்னா?”

“யாரு சொல்லணும்? கழுதைன்னு இருந்துச்சே. கல்யாணமான நாள்லேர்ந்து நம்ம வீட்டுல அந்த மனுஷனுக்கு அதானே பேரு.” சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “அவர்கிட்ட சொல்லமாட்டேன். ஆனா உங்களுக்கு என்ன குறைன்னு இந்தப் பொறாமை?”

“நான் எழுதினதைப் படிச்சு நீ ஒரு நாளாவது சிரிச்சிருக்கியா?”

“இலக்கணத்தைப் படிச்சு யாராவது சிரிப்பாங்களா?”

இரண்டாம் பதிப்பு முதலாவதைவிட நன்றாகப் போனது. காலோ மறுபடியும் பாரசீகத்துக்குக் கிளம்பினார். தப்ரீஸில் காய்ச்சலில் இறந்தார். கல்லூரி தேவாலயத்தில் அஞ்சலி உரை ஆம்ப்ரோஸுடையது. பேசும்போது அவர் குரல் உடைந்தது; அதில் நடிப்பு இல்லை. கூட்டமே கண்ணைத் துடைத்தது. வாசலில் ஒரு சீமாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன அழகா பேசுறீங்க! நீங்களும் புத்தகம் ஏதாவது எழுதிப் பார்க்கலாமே?”

“பார்க்கிறேன், அம்மணி,” என்றார் ஆம்ப்ரோஸ். செத்தும் இவன் விடமாட்டேன் என்கிறானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மழையில் இறங்கி நடந்தார்.