அளக்காமல் விட்ட கஷாயம்

எங்கள் அண்ணன் அவர்கள் அம்பாசமுத்திரத்தில் பிறந்து, பள்ளிப் படிப்போடு திருவனந்தபுரம் வந்து, ஆரியசாலையில் தாய்மாமாவின் அங்காடி மருந்துக் கடையில் வேலைக்கு நின்றவர். பின்னர் அதே கடைக்கு முதலாளியானவர். இதை எழுதும் நான் அவருடைய ஒரே தங்கை. நினைவு மலர் என்றால் நிதானமாக எழுத வேண்டும் என்று மதினி சொல்கிறார். எனக்கும் நிதானத்துக்கும் வெகுதூரம், முடிந்தவரை பார்க்கிறேன்.

அங்காடி மருந்து என்றால் காய்ந்த வேரும் பட்டையும். வைத்தியர் எழுதித் தருவதைக் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள், வீட்டில் கஷாயம் வைத்துக்கொள்ள வேண்டும். பூச்சி விழுந்த நெருஞ்சிலை விற்க மனம் வராமல் மூட்டையோடு குப்பையில் கொட்டியவர் அண்ணன். "குடிச்சவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்ம தலையிலல்லா விழும்" என்பார்.

அப்படிப்பட்டவருக்கு மாரடைப்பு வந்தது. பிழைத்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றுதான் நினைத்தோம். ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது, நெடுநாள் சர்க்கரை நோய் சிறுநீரகத்தையும் கெடுத்திருக்கிறது என்றார்கள். தண்ணீரை அளந்து குடிக்கச் சொன்னார் ஆஸ்பத்திரி டாக்டர். மதினி தண்ணீரை அளந்தார். மோர், காபி எல்லாம் அளந்தார். ஆனாலும் கால் வீங்கிக்கொண்டே போனது, நாலு படி ஏறினால் மூச்சு இரைத்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் நான் இருக்கும் கரமனையிலிருந்து பஸ் பிடித்துப் போய் அவர் காலை அமுக்கிப் பார்ப்பேன். விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும். "எதையோ மறைக்கியளா அண்ணே?" என்று சண்டை பிடிப்பேன். "சும்மா கெட, உனக்கு எப்பவும் பதட்டம்தான்" என்று சிரிப்பார்.

பொறுக்க மாட்டாமல், கடைக்கு வெகுநாள் பழக்கமான ஆயுர்வேத டாக்டர் அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தேன். மலையாளி, எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். நாடி பார்த்தார், காலைப் பார்த்தார், வாசனை பிடித்து அடுக்களைக்குள் போனார். அடுப்பில் மண்சட்டி நிறையக் கஷாயம்.

"அண்ணாச்சி, இது யாரு எழுதினது?"

"யாரு எழுதணும்? நீர் எறங்க மூக்கிரட்டை, நெருஞ்சில், நெஞ்சுக்கு மருதம்பட்டை. நான் கொடுக்காத மருந்தா? மூணு நேரமும் குடிக்கேன்."

"தண்ணிக் கணக்குல இதும் உண்டோ?"

"கஷாயம் மருந்துல்லா! அத எப்படித் தண்ணியில சேக்க?"

டாக்டர் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "மருந்துன்னா வயித்துக்குள்ள போய் தண்ணி அல்லாதாகுமோ? கெட்ட கிட்னிக்கு இதுல உள்ள பொட்டாசியமும் ஆகாது. ஆஸ்பத்திரியில இது தெரியுமோ?"

தெரியாது. அங்கே இதைச் சொன்னால் திட்டுவார்கள், இங்கே அதைச் சொன்னால் கடைக்குச் சீட்டு எழுதும் வைத்தியர்கள் மனம் நோகும் என்று, பேச்சு முறிந்த சம்பந்திகளைப் போல இரண்டு வைத்தியத்தையும் ஒன்றுக்கொன்று தெரியாமலே நடத்தி வந்திருக்கிறார். மருந்து விற்கிறவரெல்லாம் வைத்தியரா? வந்த கோபத்தில் சட்டியைத் தூக்கிக் கொல்லையில் கொட்டினேன்.

மறுநாள் டாக்டர் அம்மாவே எங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். இரு டாக்டர்களும் பேசிக் கஷாயத்தை நிறுத்தினார்கள். இனி எந்த மருந்தானாலும் ரத்தப் பரிசோதனை பார்த்து, இருவருக்கும் தெரிந்துதான் என்று முடிவாயிற்று. வீக்கம் இறங்கியது, மூச்சும் சீரானது. ஆனால் சில மாதங்களில் சிறுநீரகம் கைவிட்டது. டயாலிசிஸ் வேண்டும் என்றார்கள்.

அண்ணன் மாட்டேன் என்றார். "மூக்கிரட்டை விக்கவன் மெஷின்ல போய்க் கெடந்தா, நம்ம கடையில எவன் நம்பி வாங்குவான்?"

கடை மானம் பெரிதா, உயிர் பெரிதா? கத்தினேன், அழுதேன், மதினி சாப்பிடாமல் கிடந்தார். மனுஷர் மசியவில்லை. கடைசியில் டாக்டர் அம்மா வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, எங்க சாஸ்திரத்துல அசாத்தியம்னு ஒண்ணு உண்டு, மருந்துக்கு அடங்காத நோய். இந்த எடம் வரைக்கும்தான் நம்ம மருந்துன்னு சொல்றதும் வைத்தியம் தன்னெ. நான் சொல்றேன், போங்க."

வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, "ஆட்டோவக் கூப்பிடு" என்றார்.

அதற்குப் பிறகும் அண்ணன் எங்களோடு இருந்தார். பேத்தியின் காதுகுத்தை முன்னின்று நடத்தினார். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் கடைக்கும் போனார். நீர் இறங்கவில்லை, நெஞ்சு அடைக்கிறது என்று வேர் கேட்டு வருபவர்களிடம், "ரத்தம் பாத்தாச்சா? ரெண்டு டாக்டர்ட்டயும் சொல்லியாச்சா? சொல்லிட்டு வாங்க, தாரேன்" என்று திருப்பி அனுப்பினார். வியாபாரம் படுத்தது. தாம் டயாலிசிஸ் செய்துகொள்வதையும் யாரிடமும் மறைக்கவில்லை. கடைசியில் இதயம் தாங்கவில்லை. ஒரு காலையில் கடைக்குக் கிளம்பும்போது மதினியின் தோளில் சாய்ந்தார், அவ்வளவுதான்.

டாக்டர் அம்மாவுக்கும், ஆஸ்பத்திரி டாக்டருக்கும், டயாலிசிஸ் பிரிவின் நர்ஸ் பிள்ளைகளுக்கும், தவறாமல் வந்து நின்ற ஆட்டோக்காரத் தம்பிக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

ஓராண்டு நிறைவில் இந்த மலரை உங்கள் கையில் தரும்போது நான் முகத்தைப் பார்க்காமல் உங்கள் கால் வீங்கியிருக்கிறதா என்றே பார்த்திருப்பேன். தவறாக நினைக்க வேண்டாம். நம் சொந்தக்காரர்களை எனக்குத் தெரியாதா? டாக்டரிடம் சொல்லாமல் எதையாவது குடித்துக்கொண்டிருப்பவர்கள் நாளைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள். இன்னொருவருக்காக அழ என்னால் ஆகாது.

தங்கை
கரமனை