வலிப்புக்கு நாலு சாவி

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. சிம்மக்கல்லில் ஒரு மொத்தக்கடையில் துவரம்பருப்பும் மிளகாய் வற்றலும் வாங்கிவிட்டு ஸ்கூட்டரை எடுக்கப் போனேன். பக்கத்து பஸ் ஸ்டாப்பில் தடாலென்று ஒரு சத்தம்.

ஒரு பையன் விழுந்து கிடந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பக்கத்தில் சிதறிக் கிடந்த பிளாஸ்டிக் ஃபைல். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வலிப்பு.

ஒரே நிமிஷத்தில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். கூடிவிட்டோம் என்பதுதான் சரி, நானும் இருந்தேனே! கூடி... நின்றோம்.

"சாவி குடுங்கப்பா, இரும்புச் சாவி!" என்று யாரோ கத்தினார்கள். நம்மூரில் இதற்கு மட்டும் தயக்கமே கிடையாது. ஓர் ஆட்டோக்காரர் தன் வண்டிச் சாவியை அவன் உள்ளங்கையில் திணித்தார். பெட்டிக்கடைக்காரர் ஒரு பூட்டுச் சாவி. காலேஜ் பெண் ஒருத்தி வீட்டுச் சாவி. நாலாவது?

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது... என்னுடையது. ஸ்கூட்டர் சாவி.

இரும்புக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று இதே பக்கத்தில் ஒருமுறை வரிந்துகட்டிக்கொண்டு எழுதியவன் நான். மூளைக்குள் ஓடுகிற மின்சாரம் கொஞ்ச நேரம் தாறுமாறாகிவிடுகிறது. பெரும்பாலும் ஓரிரு நிமிஷத்தில் தானாகவே அடங்கிவிடும். அடங்கும்போது கையில் என்ன இருக்கிறதோ, அதற்குப் பேர் கிடைத்துவிடும். எல்லாம் தெரியும். தெரிந்தும் என் கை பாக்கெட்டுக்குள் போனதே!

"தள்ளுங்கய்யா! இம்புட்டுப் பேரு நின்னா அவன் எப்படி மூச்சு விடுவான்?"

கொய்யாப்பழ வண்டிக்காரப் பெண். நாற்பது வயது இருக்கலாம். பேர் செல்வி என்று பிறகுதான் தெரிந்தது. பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். தலைக்கு அடியில் தன் துண்டை மடித்து வைத்தார். சோடாவோடு ஓடி வந்தவரை, "வாயில ஒண்ணும் ஊத்தக்கூடாது, போங்க" என்று விரட்டினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, ஒவ்வொருவராகக் கைகாட்டினார்.

"ஏ செவப்புச் சட்டை, ஒன்னத்தேன்! ஆம்புலன்ஸுக்குப் போனைப் போடு. பாப்பா, நீ குடையை விரி, மூஞ்சில வெயில் அடிக்குது. கட்டம்போட்ட சட்டை அண்ணே, நீங்க மணியப் பாருங்க. அஞ்சு நிமிசம் தாண்டுச்சுன்னா சொல்லணும்."

கட்டம்போட்ட சட்டை நான்தான்.

அதுவரை மரம் மாதிரி நின்ற முப்பது பேரில் மூன்று பேருக்கு உயிர் வந்தது. நான் கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்று நிமிஷம். நாலு. பையனின் உதடு நீலம் பாரித்தது.

"ஆம்புலன்ஸு பாலத்துல டிராபிக்ல மாட்டிக்கிருச்சாம்க்கா" என்றான் சிவப்புச் சட்டை.

"அஞ்சு ஆச்சும்மா" என்றேன்.

"அப்ப இனிமே நிக்கக்கூடாது. காக்கிச் சட்டை அண்ணே, ஆட்டோவ எடுங்க!"

ஆட்டோக்காரர் ஓடிப்போய் சீட்டில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"சாவி... அவன் கையிலல்ல இருக்கு!"

பையனின் விரல்கள் பூட்டுப்போட்ட மாதிரி இறுகியிருந்தன. ஆட்டோக்காரர் வந்து பிரித்துப் பார்த்தார். "விடுங்கண்ணே, விரல ஒடிச்சிராதீக!" என்று அதட்டிவிட்டு, செல்வி நடுரோட்டுக்கே போய்விட்டார். ஒரு ஷேர் ஆட்டோவை மறித்தார். உள்ளே இருந்தவர்களை இறக்கினார். எல்லோருமாகப் பையனைத் தூக்கும்போது இழுப்பு தளர்ந்தது. கை திறந்து, நாலு சாவியும் ரோட்டில் விழுந்தன.

"வண்டியப் பாத்துக்கங்கண்ணே, வந்துர்றேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, செல்வி அவனோடு பெரியாஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கொய்யாப்பழம் காவல். யோசிக்க நிறைய நேரம்.

கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவர் தலையிலும் விழுகிற பொறுப்பு குறைகிறது என்று மனத்தை ஆராய்கிறவர்கள் சொல்வார்கள். 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று நான் நினைக்க, என்னைப் பார்த்து அவரும் அதையே நினைப்பார். கல்நெஞ்சம் காரணமில்லை. சரி, அந்தச் சாவி? அதற்கும் அவர்களிடம் பதில் உண்டு. அடுத்தவன் துடிப்பதைப் பார்த்தால் நமக்குள் இரண்டு கிளம்பும். ஒன்று, 'அவனுக்கு என்ன வேண்டும்?' என்கிற அக்கறை. இன்னொன்று, 'என்னால் இதைப் பார்க்க முடியவில்லையே' என்கிற பதற்றம். நான் சாவி கொடுத்தது என் பதற்றத்துக்கு. கொடுத்ததும் அப்பாடா என்றிருந்தது. அவனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, ஆட்டோ நின்றதுதான் மிச்சம்.

செல்வி திரும்பி வந்தார். "முழிச்சுட்டான். பேசுறான். அவுக அண்ணனும் வந்துட்டாக."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதில் வெட்கமென்ன?

"இதெல்லாம் எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?"

"எம்மகளுக்கும் இதே வலிப்புதேண்ணே. ஒருக்கா பஸ் ஸ்டாண்டுல விழுந்துட்டா. 'யாராச்சும் வாங்க, யாராச்சும் வாங்க'ன்னு தொண்டை கிழியக் கத்துனேன். ஒருத்தரும் நகரல. அப்பறம் ஒரு ஆளக் கைகாட்டி 'பச்சைச் சட்டை அண்ணே'ன்னேன். ஓடியாந்துட்டாரு. ஆஸ்பத்திரி வரைக்கும் புள்ளையத் தூக்கிட்டு வந்தாரு. அன்னையிலருந்து நான் சட்டையச் சொல்லித்தேன் கூப்புடுறது."

ஒரு கிலோ கொய்யா வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

எதில் கிளம்பினேன் என்கிறீர்களா? ரோட்டில் விழுந்த நாலு சாவியில் முதலில் எடுக்கப்பட்டது ஸ்கூட்டர் சாவிதான். அதற்கு மட்டும் கட்டம்போட்ட சட்டையை யாரும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை!