எட்டுக் கம்பி வானம்

மைக்கைக் கையில் கொடுத்தால் எனக்கு வாய் நிற்காது. போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வாசகர் கூட்டத்தில் வானத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஏன் என்னை? ஹேலி வால்நட்சத்திரம் வந்த வருஷம் ஒரு சின்ன டெலஸ்கோப் வாங்கினேன். வால்நட்சத்திரம் கடைசி வரை அதில் சிக்கவில்லை. ஆனால் டெலஸ்கோப் வைத்திருப்பவன் என்ற பெயர் மட்டும் ராஜபாளையம் முழுக்கப் பரவிவிட்டது. நிபுணர் ஆவதற்கு வேறென்ன வேண்டும்?

பேச்சை முடிக்கும்போது ஒரு வேகத்தில், "வானம் எல்லாருக்கும் பொது! வர்ற சனிக்கிழமை சாயங்காலம் மம்சாபுரம் ரோட்டுல என் நண்பரோட தோப்புக்குப் பக்கத்துல நட்சத்திரம் காட்டப் போறேன். எல்லாரும் வாங்க!" என்றேன். நல்ல கைதட்டல்.

அது அடங்கியதும் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். கையில் வெள்ளைக் குச்சி.

"சார், என் பேரு எஸ்தர். மடவார் வளாகத்துல இருக்கேன். ஸ்கூல்ல சரித்திரம் நடத்துதேன். எனக்குப் பொறந்ததுல இருந்தே பார்வை கிடையாது. என்னைய மாதிரி அஞ்சாறு பேரு வாராவாரம் கூடிப் பேசுவோம். எல்லாருக்கும் பொதுன்னு சொல்லுதீங்களே... நாங்களும் வரலாமா?"

கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது.

"கண்டிப்பா வாங்க டீச்சர்!" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

"இல்ல... போன வருஷம் வேற ஒரு இடத்துக்குப் போயிருந்தோம். நீங்க ஓரமா உக்காருங்க, மத்தவிய பாத்துட்டு வரட்டும்னுட்டாங்க. எங்க ஆளுக மனசு விட்டுப் போச்சு. அதான் முன்னாலயே கேக்கேன்."

"என்கிட்ட அப்படி நடக்காது" என்று மைக்கிலேயே வாக்குக் கொடுத்துவிட்டு, கம்பீரமாக பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

விஷயத்தைக் கேட்டதும் என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அவங்களுக்கு எப்படிங்க காட்டுவீங்க?"

இந்தக் கேள்வி எனக்கு மேடையிலேயே தோன்றியிருக்கலாம்... தோன்றவில்லை.

"விளக்கமா வாயால சொல்லுவேன்."

"நீங்க சொன்னா கண்ணு தெரியுறவங்களுக்கே விளங்காதே!"

சனிக்கிழமை வந்தது. இருட்டியதும் எஸ்தர் டீச்சர் தன் நண்பர்களோடு வேனில் வந்து இறங்கினார். அவர்களில் ஒருவர் சுப்புராஜ். ராஜபாளையத்தில் எஸ்.டி.டி. பூத் நடத்துகிறவர். இளவயதில் ஏதோ கண் அழுத்த நோயில் பார்வை போய்விட்டதாம். பூத்தில் சாயங்காலம்தான் கூட்டம். அதைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வழக்கமாகச் சொல்லும் முதல் வாக்கியத்தைச் சொன்னேன். "யாரும் டார்ச் அடிக்காதீங்க. கண்ணு இருட்டுக்குப் பழகணும்."

"எங்களுக்குப் பழகியாச்சு சார்" என்றார் எஸ்தர் டீச்சர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... கொஞ்சம் தாமதமாக.

அதோடு நிறுத்தினேனா? கையை நீட்டி, "அதோ பாருங்க... அதுதான் திருவாதிரை!" என்றேன்.

"சார், அதோன்னா எந்தப் பக்கம்?" இது சுப்புராஜ்.

"அதோ... அந்தத் தென்னை மரத்துக்கு மேல."

"தென்னை மரம் எந்தப் பக்கம்?"

சுட்டுவிரலும் 'அதோ'வும் இல்லாமல் எனக்கு வானமே தெரியாது என்பது அப்போதுதான் புரிந்தது. சமாளிப்பதற்காக ஒளியாண்டு, விட்டம், வெப்பநிலை என்று புத்தகத்தில் படித்ததையெல்லாம் கொட்டினேன். ஒருவர் கொட்டாவி விட்டார். பார்வை உள்ளவர்களோ டெலஸ்கோப்பைச் சுற்றி நின்று "ஆஹா... ஓஹோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சுப்புராஜ் எழுந்தார். "நான் போயிட்டு வாரேன் சார். இதை ரேடியோவுலயே கேட்டுக்கிடலாம். கண்ணு இருந்தப்ப மொட்டை மாடியில படுத்துக்கிட்டு மூணு நட்சத்திரம் பாப்பேன். பக்கத்துப் பக்கத்துல வரிசையா நிக்கும். அது இப்ப எங்கன நிக்குதுன்னு தெரிஞ்சாப் போதும்னு வந்தேன். நீங்க எந்த நட்சத்திரம் எம்புட்டுத் தூரம்னு மட்டும் சொன்னீங்க."

மற்றவர்களும் அவரோடு ஏறிக்கொள்ள, வேன் போய்விட்டது. கொடுத்த வாக்கு அங்கேயே வெட்டவெளியில் கிடந்தது.

இரண்டு நாள் டெலஸ்கோப் பக்கமே நான் போகவில்லை. மூன்றாம் நாள் பரணில் எதையோ தேடும்போது என் பழைய கறுப்புக் குடை தலையில் விழுந்தது. ஒரு பெரிய விஞ்ஞானிக்குத் தலையில் ஆப்பிள் விழுந்ததாம்; அவரவர் தகுதிக்கு ஏற்றதுதானே விழும்?

விரித்துப் பார்த்தேன். எட்டுக் கம்பி. எட்டுத் திசை! உச்சி என்பது தலைக்கு நேர் மேலே. விளிம்பு என்பது தொடுவானம். இருட்டியதும் தெரிகிற ஏழு மணி வானத்தை இதில் அப்படியே இறக்கிவிடலாமே!

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கொழுந்தியாளிடம் பொத்தான்கள் வாங்கி வந்தேன். மங்கலான நட்சத்திரத்துக்குச் சின்னப் பொத்தான், பிரகாசமானதற்குப் பெரிய கோட்டுப் பொத்தான். வடக்குக் கம்பியின் நுனியில் ஒரு துணி முடிச்சு. விரலெல்லாம் ஊசி குத்து வாங்கிக்கொண்டு நானே தைத்தேன். தைத்து முடித்ததும் நேராக எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போய், குடையை விரித்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

அவர் குடையின் மேல் நிதானமாக விரல்களை ஓட்டினார். பிறகு நிறுத்தினார்.

"சார், ஒரு சந்தேகம். நாம வானத்துக்கு உள்ளயா இருக்கோம், வெளியயா?"

"உள்ளேதான் டீச்சர்."

"பொறவு ஏன் சார் பொத்தானை எல்லாம் வெளிப்பக்கம் தச்சிருக்கீங்க? இப்பிடி மேல இருந்து தடவிப் பாக்கது கர்த்தருக்குத்தான் சரிப்படும்."

குடையை மடக்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினேன். எல்லாப் பொத்தானையும் பிரித்து உட்பக்கம் தைக்க வேண்டியிருந்தது. இந்த முறை என் மனைவியும் ஊசி எடுத்தாள். "கடவுள் வேலை போச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, என்னைவிட வேகமாகத் தைத்தாள்.

சுப்புராஜைக் கூப்பிட பூத்துக்கே போனேன். "இன்னொரு தடவையா?" என்று இழுத்தார். "இந்தத் தடவை அதோன்னு சொல்ல மாட்டேன்" என்றேன். சிரித்துவிட்டார். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

இரண்டாவது கூட்டத்துக்கு நாள் குறித்ததிலும் என் கைவரிசையைக் காட்டியிருந்தேன். போன சனிக்கிழமை, மாசிப் பௌர்ணமி! நிலா வெளிச்சத்தில் நட்சத்திரம் பார்க்கக் கூப்பிடுகிறவன், கத்திரி வெயிலில் கம்பளி விற்கிறவன் மாதிரி. அன்று காலையில் காலண்டரைக் கிழிக்கும்போதுதான் கவனித்தேன். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. என்ன செய்ய?

ஆனால் அதிலும் ஒரு நல்லது நடந்தது. பொழுது சாயும் நேரத்திலேயே எஸ்தர் டீச்சர் வந்துவிட்டார். மலைப்பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் நிலா எழும்பிக்கொண்டிருந்தது.

"டீச்சர், உங்க கையைப் பிடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, ஒரு கையை மேற்கே நீட்ட வைத்தேன். "இங்கே சூரியன்." இன்னொரு கையைக் கிழக்கே நீட்டி, "இங்கே நிலா" என்றேன்.

இரண்டு கைகளையும் விரித்தபடி அவர் அசையாமல் நின்றார்.

"சூரியன்னா சூடுன்னு தெரியும். நிலான்னா என்னன்னே பிடிபட்டதில்ல சார், பாட்டுல வரும்... அம்புட்டுதான்." கைகளை இறக்காமலே கேட்டார்: "அப்ப நடுவுல நிக்க பூமி நான்தானா?"

"நீங்கதான் டீச்சர்."

அவர் வாய்விட்டுச் சிரித்த மாதிரி நான் மேடையில் ஒருவரையும் சிரிக்க வைத்ததில்லை.

இருட்டிய பிறகு ஒரு ஆட்டோ வந்து நின்றது. சுப்புராஜ்! வடக்குப் பக்கம் எதுவென்று காலால் தரையைத் தட்டிக் காட்டினேன். துணி முடிச்சை அந்தப் பக்கம் திருப்பி, குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தேன். அவர் விரல்கள் விளிம்பிலிருந்து மெல்ல மேலேறின. உச்சிக்குப் பக்கத்தில் நின்றன. ஒன்று, இரண்டு, மூன்று.

மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் இது அபூர்வம்.

குடையை விலக்கி, அவர் கையைப் பிடித்து நிஜமான அந்த மூன்று நட்சத்திரங்களை நோக்கி உயர்த்தினேன். நிலா வெளிச்சத்திலும் அவை பளிச்சென்று நின்றன. நான் கையை விட்டுவிட்டேன். அவர் இறக்கவில்லை.

"கை வலிக்கப் போகுது சுப்புராஜ்."

"வலிக்கட்டும் சார். எம்புட்டு வருஷமாச்சு... செத்த நேரம் இருக்கட்டும்."

மலையிலிருந்து மேகம் வந்ததை நான் கவனிக்கவே இல்லை. பார்த்தால், நிலாவும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. டெலஸ்கோப் முன்னால் நின்ற கூட்டம் முணுமுணுத்தது. ராஜபாளையத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒரு அம்மா தயங்கித் தயங்கி வந்து கேட்டார். "அந்தக் குடையை நாங்களும் பாக்கலாமா?"

சுப்புராஜ் என் கையிலிருந்து குடையை வாங்கிக்கொண்டார். "வரிசையா வாங்க. உள்ள வந்ததும் கண்ணை மூடிக்கிடணும். திறந்தா வெறும் பொத்தான்தான் தெரியும்."

வந்தார்கள். ஒவ்வொருவராக, கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தூக்கிக்கொண்டு... தூறல் விழுந்தும் ஒருவரும் கலையவில்லை.

கடைசி ஆளாக நானும் சத்தம் காட்டாமல் உள்ளே நுழைந்து, திருவாதிரையைத் தொட்டேன்.

"சார்," என்றார் சுப்புராஜ், "கை தடவாம நேராப் போய் நிக்குது. கண்ணை மூடுங்க."