சுவர் இல்லாத வாசல்

மிராசுதார் மனையில் குடிசை போட்டிருந்த எங்களுக்கு அரசாங்கம் பட்டா கொடுத்தது. உடனே அப்பா குடிசையைப் பின்னால் தள்ளிப் போட்டுவிட்டு, முன்னால் அஸ்திவாரம் போட்டு வாசல் நிலையை நிறுத்திவிட்டார். நிலை வைத்துவிட்டால் யாரும் நம்மைக் கிளப்ப முடியாது என்பது அவர் கணக்கு. ஆவணியில் மஞ்சள் குங்குமம் வைத்தோம். சுவர்தான் எழும்பவில்லை.

அப்பா கொத்தனார் வீட்டுக்குப் போய்க் கேட்டால், "நடவு முடியட்டும்ண்ணே, வந்துடறேன்" என்றார். அவருக்கும் வயல்தான் சோறு போட்டது. நடவு முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மார்கழியில் வேலை தொடங்கக் கூடாது என்றார்கள். தையில் அறுப்புக் கூலித் தகராறு. மறியலுக்குப் போன கொத்தனாரை ஜெயிலில் போட்டார்கள். அவர் வெளியே வந்தபோது மறுபடி நடவு. திட்டுவதற்கு ஒரு ஆள்கூட இல்லாததுதான் எனக்கு ஆத்திரம்.

இத்தனை மாதமும் அம்மா எங்களை நிலை வழியாகத்தான் குடிசைக்குப் போக விட்டாள். இரண்டு பக்கமும் வெட்டவெளி, ஆடுகள் இஷ்டத்துக்குப் போய்வந்தன. நாங்கள் மட்டும் நிலைப்படியை மிதிக்காமல் தாண்ட வேண்டும். ஒருநாள் பக்கவாட்டில் ஓடியதற்கு முதுகில் ஒன்று வைத்தாள். "வீட்டுக்குள்ள வாசல் வழியாத்தான் வரணும்."

அடுத்த ஆவணியும் வந்தது. ஒரு மத்தியானம் அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்து நிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஆடு போகிற வழியில் நிலையைச் சுற்றிக்கொண்டு குடிசைக்குப் போய்விட்டாள்.

அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதற்கப்புறம் கொத்தனார் வீட்டுப் பக்கம் அவர் போகவில்லை.