புழுக்காரியின் ஓரவரிசை

அவளுக்குப் புழுக்காரின்னு பேர் வச்சது வேற யாரும் இல்ல, சொந்தக் கொழுந்தன்தான். வாய் நிறைய "அண்ணி, அண்ணி"ன்னு கூப்பிட்டுக்கிட்டே வச்சான் படுபாவி. ஊரும் அதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிச்சு. கடைத்தெருவுல அவ பேரைச் சொல்லிக் கேட்டா யாருக்கும் தெரியாது. புழுக்காரி வீடுன்னா சின்னக் குழந்தைகூடக் கை காட்டும்.

அப்படி என்ன குத்தம் செஞ்சுட்டா? புழுவைக் கொல்ற பருத்தி விதை வந்த புதுசுல, பெரிய பையோட ஒரு சின்னப் பொட்டலமும் கொடுத்தாங்க. அதுக்குள்ள சாதா விதை. வயலைச் சுத்தி ஓரத்துல அதை ஊனணும்னு கம்பெனி ஆள் கூட்டம் போட்டுச் சொன்னான். மத்தவங்க டீயைக் குடிச்சுட்டு எழுந்துட்டாங்க. இவ ஒருத்திதான் "எதுக்கு?"ன்னு கேட்டா.

புது விதைச் செடியைக் கடிச்சா புழு செத்துடுமாம். ஒண்ணு ரெண்டு மட்டும் சாகாம தப்பிக்கும். தப்பிச்சதும் தப்பிச்சதும் ஜோடி சேர்ந்தா, பொறக்கறது ஒண்ணும் சாகாது. ஓரத்துச் சாதாச் செடியில வளர்ந்த பூச்சியோட அது சேரணும், அப்பத்தான் பொறக்கறது செத்துத் தொலையும். அவன் சொன்னது அவ்வளவுதான்.

"அப்ப நாம புழுவுக்குக் கல்யாணத் தரகர் வேலை பார்க்கணுமா அண்ணி?"ன்னு கொழுந்தன் இளிச்சான். தன் பொட்டலத்தை வாய்க்கால்ல வீசினான், மத்தவங்களும் அப்படியே.

"பார்த்தா என்ன தம்பி? உனக்கே பொண்ணு தேடி நான்தானே அலைஞ்சேன்"னா அவ.

வாய் அப்படி. கை அதைவிட மேல. காஞ்ச காயோட முனை குத்திக் குத்தி விரலெல்லாம் வெடிச்சுக் கிடக்கும், ஆனா ஒரு வேலையை அரைகுறையா விடத் தெரியாது. வருஷா வருஷம் ஓரவரிசை போட்டா. அதுல புழு நெளியும், காய் சொத்தையாகும், பார்த்தா வயிறு எரியும். மருந்தும் அடிக்க விடமாட்டா. புருஷன் தலையில அடிச்சுக்குவான்.

ஆரம்பத்துல எல்லாருக்கும் ஒரே கொண்டாட்டம். மருந்து டப்பாவைத் தொட வேண்டியதில்ல. வயல்ல சிலந்தியும் பொறிவண்டும்கூடத் திரும்பி வந்துச்சு. அப்புறம் புழு காலி பண்ணின இடத்துக்குச் சாறு உறிஞ்சற பூச்சி குடிவந்துச்சு, இலை சுருண்டுச்சு, மறுபடி மருந்து. சிலந்தி போன இடம் தெரியல. கடைசியா இந்த வருஷம் புழுவே வந்துடுச்சு. அதுவும் புது விதைச் செடியிலயே, காய்க்குள்ள ஜம்முனு உட்கார்ந்துக்கிட்டு.

ஆத்திரத்தை யார் மேலயாவது காட்டணுமே! கும்பலா அவ வயலுக்கு வந்தாங்க, முன்னாடி கொழுந்தன்.

"நீங்க வளர்த்த புழுதான் அண்ணி எங்களைத் தின்னுது. ஓரத்தைப் பிடுங்கப் போறோம்."

அவ விறுவிறுன்னு வரப்பைத் தாண்டி அவன் வயலுக்குப் போனா. ஒரு காயை ஒடிச்சுப் பிளந்து, உள்ள இருந்த புழுவை எடுத்து அவன் உள்ளங்கையில வச்சா.

"என் ஓரத்துப் புழுவா இருந்தா உன் செடியைக் கடிச்சதுமே செத்திருக்கணும். இது கொழுத்துப்போய் நெளியுது பாரு. இது உன் வயல்ல பொறந்த பிள்ளை தம்பி. பொட்டலத்தைத் தூக்கி எறிஞ்சியே, அன்னிக்கே நீ இதுக்கு அப்பன் ஆயிட்டே."

கும்பல்ல யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. கொழுந்தன் முகம் கறுத்துப்போச்சு. புழுவை நசுக்கிக் கையை வேட்டியில துடைச்சான்.

"பேச்சுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. உங்க வயல்ல மட்டும் புழு இல்லையா அண்ணி?"

இருந்துச்சு. அதுதான் கொடுமை. பூச்சிக்கு வரப்பு தெரியுமா? ஊரே கைவிட்டதை அவ ஒருத்தி ஓரம் எப்படித் தாங்கும்? அவ காயும் பாதிக்குப் பாதி சொத்தை.

"பிடுங்குங்கடா"ன்னான் கொழுந்தன். யாரும் அசையல. முதல்ல குனிஞ்சது அவ புருஷன்.

இத்தனை வருஷம் ஊர் பேசினது அவளுக்கு உறைக்கல. இது உறைச்சுது.

"ஏங்க, பாதியில ஒடிக்காதீங்க. வேரோட பிடுங்குங்க"ன்னா. அப்புறம் கொழுந்தன் பக்கம் திரும்பினா. "அடுத்த வருஷமும் புழு வரும் தம்பி. அன்னிக்கு யார் வயல்ல போய் நிப்பீங்க?"

மிச்ச வரிசையை வேற யாரும் தொடறதுக்குள்ள, அவளே ஒவ்வொண்ணாப் பிடுங்கிக் கொழுந்தன் காலடியில வீசினா.