உறுமிய கிட்டாரும் ஒரு சிவப்பு நாடாவும்

பொய் சொன்னால் உறுமுகிற கிட்டார் ஒன்று திருச்சியில் இருப்பதாகச் சத்திரம் பேருந்து நிலையத்து டீக்கடையில் சொன்னார்கள். முசிறியில் ஒரு கல்யாண வரவேற்பு. முன்னாள் கவுன்சிலர் ஒருவர் மைக்கைப் பிடித்து, "நான் பதவியில இருந்தப்ப ஒரு டீகூட ஓசியில குடிச்சதில்ல" என்றாராம். மேடையிலிருந்து 'கர்ர்ர்' என்று வந்ததாம். துறையூரில் மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொன்னபோதும் அதே 'கர்ர்ர்'. இப்படியொரு கருவி இருந்தால் எங்கள் பத்திரிகை ஆபீசுக்கு ஒன்று வாங்கி மாட்டலாமே என்று, ஒரு சனிக்கிழமை விசாரிக்கப் போனேன்.

கிட்டார் விஜயராணியுடையது. பொன்மலை ரயில்வே பணிமனையில் எலெக்ட்ரீஷியன். வயது நாற்பத்து நான்கு. முகூர்த்த நாட்களில் ரெங்கராஜின் இன்னிசைக் குழுவில் வாசிக்கிறார், பத்தொன்பது வருடமாக.

"உறுமலும் இல்ல, ஒண்ணும் இல்லங்க. வால்யூம் கண்ட்ரோல்ல அழுக்கு" என்றார், அடுத்த கேள்வியைக் கேட்கும் ஆசையையே கெடுக்கிற குரலில்.

யாராவது பேச வந்தால் அவர் கிட்டாரின் சத்தத்தைக் குறைப்பார். குமிழைத் திருகுகிற அந்த நொடியில்தான் கரகரப்பு. பேச வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே பொய் சொன்னால் அதற்குக் கிட்டார் என்ன செய்யும்?

ரெங்கராஜ் இந்த விளக்கத்தைக் கேட்கும் நிலையில் இல்லை. "நாளைக்கு ஸ்ரீரங்கத்துல அதே கவுன்சிலரோட அக்கா பேத்திக்கு வரவேற்பும்மா. மறுபடி உறுமிச்சுன்னா உங்கள விட்டுருவேன். கீபோர்டுலயே கிட்டார் சத்தம் இருக்கு" என்று சொல்லிவிட்டாராம்.

போதாக்குறைக்கு, தபலா வாசிக்கும் ராசப்பன் நல்ல மனதோடு குமிழின் இடுக்கில் தையல் மெஷின் எண்ணெய் விட்டிருந்தார். தூசியும் எண்ணெயும் குழைந்து உள்ளே சேறு. மேலிருந்து ஸ்ப்ரே அடித்தால் போகாது, கழற்றித்தான் ஆகவேண்டும்.

கழற்றுவதில்தான் சனியன். அந்தக் கிட்டாருக்கு நடுவில் கட்டை, இரண்டு பக்கமும் பொந்து. பின்பக்கம் மூடி கிடையாது. வயலினில் இருப்பதுபோன்ற வளைந்த துளை வழியாகத்தான் நாலு கண்ட்ரோலும் வெளியே வரவேண்டும். வந்த வழியே திரும்பவும் போகவேண்டும்.

ஞாயிறு காலை கம்பிகளைக் கழற்றி, குமிழ்களைப் பிடுங்கி, நட்டுகளை எடுத்து, ஒயரோடு எல்லாவற்றையும் துளை வழியாக வெளியே இழுத்தார். ஸ்ப்ரே அடித்து முப்பது முறை திருகினார். கரகரப்பு போயே போய்விட்டது. பத்து நிமிட வேலை.

திரும்ப உள்ளே வைக்கும் வேலை மத்தியானம் வரை முடியவில்லை. வளைத்த கம்பியால் தள்ளினார்; குமிழ் மாட்டும் தண்டு மேல் ஓட்டையில் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே விழுந்தது. இன்னொன்றைப் பிடித்தால் முன்னது நழுவியது.

"ரயில் பெட்டிக்கு அடியில படுத்து வேல பாத்திருக்கேன். அங்ககூடக் கை போக வழி வெச்சிருக்கான். இதச் செஞ்சவனுக்குக் கையே கிடையாதா?"

கீழ்வீட்டு டெய்லர் சபீனா தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னக்கா, கிட்டாருக்குப் பிரசவமா?"

"பிரசவம் காலைலயே ஆயிருச்சுடி. புள்ளதான் திரும்ப உள்ள போகமாட்டேங்குது."

சபீனா குனிந்து பார்த்தார். "பாவாடைக்கு நாடா கோக்குற வேலதானே இது?" கீழே போய் ஊக்கும் சிவப்பு நாடாவும் கொண்டுவந்தார். மேல் ஓட்டையில் நாடா கோத்த ஊக்கை விட்டு, வளைந்த துளை வழியாக வெளியே எடுத்து, நாடாவைத் தண்டில் கட்டி இழுத்தார். தண்டு சமர்த்தாக ஓட்டைக்கு வந்தது. விஜயராணிக்கு இன்னும் எரிச்சல் கூடியது. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் படித்தவர் அவர்.

மூன்று முடிந்தன. நாலாவதில் முடிச்சு கட்டைக்கும் கண்ட்ரோலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. மணி நாலரை. விஜயராணி நட்டை முறுக்கி, மேலே நீட்டிய நுனியை வெட்டிவிட்டார். மிச்ச நாடா உள்ளேயே தொங்கியது.

"அக்கா, அது கஸ்டமர் பாவாடையோடது. நாளைக்கு வந்து நிப்பாங்க."

"தரேன்டி, தரேன்."

ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் கவுன்சிலர் மைக்கைத் தொட்டதும் பத்துப் பதினைந்து செல்போன்கள் உயர்ந்தன. "நான் எப்பவும் எதையும் எதிர்பாக்காம உழைக்கிறவன்…"

விஜயராணி குமிழைத் திருகினார். சத்தமே இல்லை.

ரெங்கராஜ் மேடை ஓரத்திலிருந்து, "அடுத்த முகூர்த்தத்துக்கும் நீங்கதாம்மா" என்றார். கூட்டத்துக்குத்தான் ஏமாற்றம். பந்தியில் ரசம் வருவதற்குள் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்: "கிட்டாரையும் வெலைக்கு வாங்கிட்டாருப்பா!"

மறுநாள் அந்த விலை பொன்மலையில் ஐயாயிரம். சத்திரம் டீக்கடையில் பத்தாயிரம். செவ்வாய்க்கிழமை மறுபடி விஜயராணியைப் பார்க்கப் போனேன். கடமைக்கு நானும் கேட்டேன்: எவ்வளவு?

"கேன்டீன்ல கேட்டாங்க, கேட்ல கேட்டாங்க, இப்ப நீங்களுமா? உறுமுறத நிறுத்துனாக் காசு குடுப்பாங்களா? அழுக்க எடுத்ததுக்கு யாரு குடுக்குறா?" கிட்டாரைத் தூக்கி, துளைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே சிவப்பாக ஒரு முழம் தொங்கியது. "நான் வாங்குனது இதாங்க. எழுதிக்கோங்க."

இழுத்தால் ஒயரும் சேர்ந்து வரும். கழற்றினால் மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். புதிதாக வாங்கித் தரலாமென்றால் அந்தப் பாவாடைக்குப் பொருந்துகிற சிவப்பு இரண்டு கடைகளில் இல்லையாம்.

கீழேயிருந்து குரல் வந்தது: "அக்கா! அந்தம்மா இன்னைக்கும் வந்து உக்காந்திருக்காங்க. நாடா என்னாச்சு?"

விஜயராணி டார்ச்சை அணைத்தார்.